வால்வு ஆபரேசனுக்கு ரோபோ சரி, பாம்பனில் ஐ.என்.ஆர். எங்கே பார்ப்பது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மண்டபத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதய வால்வு ஆபரேசன் முடிந்து வந்தவர்கள் மாதாமாதம் மாத்திரைக்கு வரும் கடை. உப்புக்காற்றில் நைந்துபோகாமல் இருக்கப் பாலித்தீன் பையில் சுருட்டி வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். இப்போதெல்லாம் அந்தக் காகிதத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "அண்ணே, நெஞ்செலும்பைப் பொளக்காம ரோபோ வச்சு வால்வு ஆபரேசன் பண்றாங்களாமே, நம்ம காப்பீட்டு அட்டையில அது வருமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்க மாட்டார். அடுத்து ஆபரேசனுக்குப் போக வேண்டியவரின் அண்ணனாகவோ மாமியாராகவோ இருப்பார்.

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அதனால் கேள்வியை உங்களிடமே கொண்டுவருகிறேன். அவர்கள் கேட்கத் தெரியாமல் விட்ட ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்: ஆபரேசனுக்குப் பிறகு மாதாமாதம் செய்ய வேண்டிய ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையை எங்கள் ஊரில் எங்கே பார்ப்பது? எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ரோபோ என்றதும் எந்திரமே தன்போக்கில் அறுத்துத் தைத்துவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. உண்மையில் அது தானாக ஒரு தையல்கூடப் போடாது. அறுவை மருத்துவர் அதே அறையில் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, கண்ணை ஒரு திரையில் பதித்து, கைகளால் இயக்குகிறார். அவர் கை அசைவதைச் சிறிதாக்கி, நடுக்கத்தை வடிகட்டி, நோயாளியின் வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் மெல்லிய கருவிகள் அசைகின்றன. துளைகள் விரல் நுழையும் அளவுதான். வால்வை உள்ளே கொண்டுபோக மட்டும் மூன்று நான்கு சென்டிமீட்டரில் ஒரு வாசல். கேமரா பத்து மடங்குவரை பெரிதாக்கி, ஆழமும் தெரியக் காட்டும். இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டும் எந்திரத்தைத் தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக இணைத்துவிடுகிறார்கள். நெஞ்சின் நடு எலும்பை யாரும் தொடுவதில்லை. பாரிசில் அலென் கார்ப்பாந்தியே என்ற இதய அறுவை மருத்துவர் 1998இல் இப்படி ஒரு மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கும் வால்வை, சரிசெய்தார். அமெரிக்கா 2002இல் டாவின்சி என்ற ரோபோவை இந்த வேலைக்கு அனுமதித்தது. ஆக, நேற்று முளைத்த வித்தை இல்லை.

நடு எலும்பைத் தொடாததில் என்ன பெரிய விசேஷம் என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் கரையில் கரைவலை இழுப்பதை ஒருமுறை பாருங்கள். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, கயிற்றை இடுப்பில் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கியே நடப்பார்கள். முழு பாரமும் தோளுக்கும் நெஞ்சுக்கும்தான். பிளந்து கம்பி போட்டுக் கட்டிய எலும்பு ஒட்டிச் சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், முழுப் பலம் வர அதற்கும் மேல். அதுவரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதே என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். விசைப்படகில் போகிறவர்கள் ஆபரேசனை ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்துக்குத் தள்ளிப்போடுவது இதனால்தான். எப்படியும் அப்போது தொழில் கிடையாது, படுத்திருக்கிற நாளை அதற்குள் முடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. மூச்சு வாங்குவது தடைக்காலம்வரை காத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பெண்கள் கதை இன்னும் கஷ்டம். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் இருந்து பாசியைப் பறிக்கிறார்கள். பிறகு பை நிறைந்த பாரத்தோடு இரண்டு கையையும் ஊன்றி எம்பி வள்ளத்தில் ஏற வேண்டும். மைட்ரல் வால்வு சுருங்கினால் முதலில் போவது இந்த மூச்சுதான். "முன்ன மாதிரி அடக்க முடியலண்ணே, வயசாயிருச்சு போல" என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னபோது அவருக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. இதயத்தை ஸ்கேன் செய்து காட்டும் எக்கோ எடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஆகவே, நெஞ்செலும்பைப் பிளக்காத ஆபரேசனை வசதியுள்ளவர்களுக்கான சொகுசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது தழும்பு சின்னதாவது. உடம்பை வைத்துப் பிழைப்பவருக்கு அது இரண்டு மாத அரிசி.

அதே நேரத்தில் வீடியோவில் வருகிற அளவுக்கு நானும் ஏற்றிப் பேச மாட்டேன். இங்கிலாந்தில் பத்து மருத்துவமனைகள் சேர்ந்து 330 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு நெஞ்சைத் திறந்தும், மறு பாதிப் பேருக்கு விலா இடுக்கில் கேமரா வைத்துச் சிறு வாசல் வழியாகவும் மைட்ரல் வால்வைச் சரிசெய்தார்கள். ஆறாவது வாரத்தில் சிறு வாசல்காரர்கள் நன்றாக நடமாடினார்கள், ஒரு நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டு தரப்பும் ஒன்றுதான். வால்வு சரியான விதத்திலும் வித்தியாசம் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சோதனையில் ரோபோவே கிடையாது. நீளமான கருவி, கேமரா, பழகிய கை, அவ்வளவுதான். கூலிக்காரருக்கு வேண்டிய பலனில் பெரும்பகுதி அந்தச் சிறு வாசலிலேயே கிடைத்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை மையம் வந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் தென் மாவட்டங்களுக்கு என்று அடுத்து ஏதாவது செய்ய நினைத்தால், முதலில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவில் இரண்டு மூன்று மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சிறு வாசல் வால்வு ஆபரேசனில் முழுப் பயிற்சி கொடுங்கள். அந்தக் கருவிகளுக்கு ரோபோவின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். அப்புறம் ரோபோ வாங்கினாலும் அதே கைகள்தானே அதை இயக்கப் போகின்றன.

இன்னொரு ஆசையும் அவ்வப்போது கிளம்புகிறது. 2025 சனவரியில் குருகிராமில் உட்கார்ந்துகொண்டு ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு ரோபோ மூலம் இதய ஆபரேசன் செய்தார்கள், அதேபோல் சென்னையில் மருத்துவரும் ராமநாதபுரத்தில் நோயாளியுமாகச் செய்தால் என்ன என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோயாளி பக்கத்தில் இதய நுரையீரல் எந்திரம் வேண்டும், அதை ஓட்டுகிறவர் வேண்டும், இதய மயக்க மருத்துவர், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் வேண்டும். இணைப்புக் கம்பி அறுந்தாலோ ரத்தம் பீறிட்டாலோ அந்த நிமிடமே நெஞ்சைத் திறக்கத் தெரிந்த ஒருவர் கையுறையோடு நிற்க வேண்டும். அத்தனையும் ராமநாதபுரத்தில் இருந்தால் ஆபரேசனை அவரே செய்துவிடுவார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ரோபோ நன்றாக வேலை செய்வது, வயதாகித் தளர்ந்து ஒழுகுகிற வால்வைச் சரிசெய்வதில். வெளிநாட்டு வீடியோக்களில் வருவது அநேகமாக அந்த வகை. என் கடைக்கு வருகிறவர்களின் வால்வு வேறு மாதிரி கெட்டது. சின்ன வயதில் தொண்டைப்புண் வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாகி, முழங்கால் வீங்கி, அது தானாகச் சரியாகி, எல்லாரும் மறந்துபோன பிறகு இருபது முப்பது வயதில் வால்வு தடித்து ஒட்டிப்போய்ச் சுண்ணாம்பு படிந்து நிற்கிறது. இந்தத் தொண்டைப்புண்ணைக் கொண்டுவருவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் அது சுலபமாகப் பரவும். எங்கள் குப்பங்களில் வீடு எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்த வகைச் சுருக்கத்துக்கு முதலில் பார்ப்பது பலூன் சிகிச்சை. ஜப்பான் மருத்துவர் இனோவே 1984இல் உலகுக்குச் சொன்ன முறை. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைக் கொண்டுபோய் ஒட்டிய வால்வைப் பிரித்துவிடுவார்கள், நெஞ்சில் கத்தியே படாது. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் அது முடியும். சுண்ணாம்பு படிந்த பிறகு வால்வை மாற்றுவது ஒன்றே வழி, அதிலும் இளவயது என்றால் பெரும்பாலும் உலோக வால்வு. திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு வந்த பிறகு ஏழைக்கும் அது கைக்கு எட்டியது. உலோக வால்வு தேயாது. ஆனால் அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை ஆயுள் முழுக்க. புதிதாக வந்திருக்கும், ரத்தச் சோதனை தேவைப்படாத மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது.

ரோபோ வைத்துப் போட்டாலும், நெஞ்சைத் திறந்து போட்டாலும், வால்வு அதே வால்வு, மாத்திரை அதே மாத்திரை. ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். எண் மைட்ரல் உலோக வால்வுக்காரருக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டு, பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு. இந்த எண்ணை மாதம் ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறார்கள். எங்கே பார்ப்பது?

தனுஷ்கோடிப் பக்கத்துக்காரரும் சாயல்குடிக்காரரும் இதற்காக ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுகிறார்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தி, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை தீவுக்காரர்களுக்கு ரயிலும் கிடையாது. ராமேசுவரத்தில் இருந்து மதுரை 170 கிலோமீட்டர். ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். அப்புறம் ஆள் என்ன செய்வார்? போன தடவை நன்றாகத்தானே இருந்தது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். என் கடையில் நீட்டப்படும் ஐ.என்.ஆர். அட்டைகளில் இரண்டு தேதிகளுக்கு நடுவே அரை வருட இடைவெளி இருப்பது சாதாரணம். அதுவரை மாத்திரை அளவு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது.

அந்த இடைவெளியில் என்னென்ன நடக்கும் என்று கல்லாவில் நிற்கிற எனக்குத் தெரியும். வலை இழுத்து உடம்பு நொந்து வருகிறவர், "ஒரு வலி மாத்திரை குடுங்கண்ணே" என்பார். டைக்ளோஃபெனாக்கும் வார்ஃபரினும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். அவர் வால்வு ஆபரேசன் ஆனவர் என்று எனக்குத் தெரிந்தால் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புவேன், தெரியாத கடையில் கேட்டால்? வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். எகிறும். ஒரு வாரம் தொடர்ந்து முருங்கைக்கீரை சாப்பிட்டால் இறங்கும். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சாப்பாட்டு நேரமே தலைகீழாகிவிடும். தூண்டில் முள் ஏறினாலோ கெளிறு குத்தினாலோ ரத்தம் நிற்காது. பல் பிடுங்கப் போனவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, திரும்ப எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் தினசரி நடப்பது. மாதம் ஒரு எண் கையில் இருந்தால் இதில் முக்கால்வாசியைச் சமாளித்துவிடலாம்.

கல்யாணமாகிப் பிள்ளை பெற வேண்டிய பெண்களுக்கு இது இரட்டைச் சிக்கல். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கலாம். பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் ரத்த அளவு பாதிக்குப் பாதி கூடும்போதுதான் சுருங்கிய வால்வு இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. மகப்பேறுக்குப் பதியும்போதே மூச்சு வாங்குதா என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் எக்கோ எடுக்கும் வழக்கம் எங்கள் கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டாயமாக வேண்டும்.

ஐ.என்.ஆருக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கைக்கருவி பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது, நம் நாட்டிலும் கிடைக்கிறது. அதில் செருகும் சோதனைப் பட்டைதான் விலை கூட. வட்டாரத்துக்கு ஒரு கருவி வைத்து, மாதத்தில் ஒரு கிழமையைக் குறித்து, வந்த எண்ணை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, மாத்திரை அளவை அன்றைக்கே போனில் சொன்னால் போதும். 2022இல் எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்ததற்கு இதைவிட நேரடியான பயன் என்ன இருக்கப் போகிறது?

அடுத்தது பென்சிலின். ருமாட்டிக் காய்ச்சல் ஒரு முறை வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, குறைந்தது ஐந்து வருடம், காய்ச்சல் இதயத்தையும் தொட்டிருந்தால் பத்து வருடம். வால்வு ஏற்கெனவே கெட்டிருந்தால் நாற்பது வயதுவரை, சிலருக்கு அதற்கு மேலும். பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட். மாவு மாதிரி கெட்டியான மருந்து, ஊசி அடைத்துக்கொள்ளும், இடுப்பில் போட்டால் இரண்டு நாள் நொண்ட வைக்கும். ஆனால் வால்வு மேலும் கெடாமல் தடுக்க இதற்கு இணை இல்லை. கிடைத்தாலும் போட ஆள் இல்லை என்பதுதான் எங்கள் நிலைமை. அலர்ஜி வந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தனியார் கிளினிக்கில் கைவிரித்தார்கள். ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என் கடை வாசலில் நின்ற நாளில், நானும் போட முடியாது, என் வேலை அதில்லை. கடைசியில் அந்தப் பெண் ராமநாதபுரம் பஸ்ஸுக்குப் போனார்.

பயம் முழுக்க ஆதாரம் இல்லாதது என்று சொல்லமாட்டேன். கடுமையான அலர்ஜி மிக அபூர்வமாக வரும். வால்வு ரொம்பக் கெட்டு இதயம் தளர்ந்தவர்கள் ஊசி போட்டதும் மயங்கி விழுவதும் உண்டு. அதற்கு அலர்ஜியைவிட இதயத்தின் பலவீனமே காரணம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் சொன்னது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் தினசரி மாத்திரையையே பரிந்துரைத்தது. ஆக, யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை என்று பிரித்து, அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, படுக்க வைத்துப் போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்ப ஒரு செவிலியர் போதும். துறையில் இருந்து எழுத்தில் ஒரு உத்தரவு வந்தால்தான் அவருக்குத் துணிச்சல் வரும். இன்று அவர் தயங்குவதில் தப்பே இல்லை.

குழந்தைகளைக் கண்டுபிடிப்பது பற்றியும் ஒன்று. உகாண்டாவில் வெளியே தெரியாத ஆரம்ப நிலை வால்வு நோய் உள்ள 818 பிள்ளைகளை எக்கோவில் கண்டுபிடித்து, ஒரு பாதிக்கு மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்கு மட்டுமே நோய் முற்றியது, போடாதவர்களில் 8.2 சதவீதம். உங்கள் பள்ளிச் சிறார் நலக் குழு எப்படியும் வண்டியெடுத்து எங்கள் பள்ளிகளுக்கு வருகிறது. கண்ணும் பல்லும் பார்க்கிற அந்தக் குழுவோடு கையடக்க எக்கோ கருவி ஒன்றும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் வரட்டும். தொண்டியில் இருந்து மூக்கையூர்வரை கடலோரப் பள்ளிகளில் இருந்து தொடங்கினால் போதும். முன்னேற விழையும் மாவட்டம் என்று 2018இல் மத்திய அரசு எங்களைப் பட்டியலில் சேர்த்தது, அந்தப் பெயரில் வரும் பணத்தில் இதற்கு இடமில்லாமலா போகும்?

கடைசியாக அந்த அட்டைக் கேள்வி. தனியார் காப்பீட்டு பாலிசிகளில் ரோபோ அறுவையை அடியோடு விலக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே விதி வைத்துவிட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தரும் நம் அரசுத் திட்டத்தில் வால்வு மாற்று ஆபரேசன் இருக்கிறது, பலூனும் இருக்கிறது. ரோபோ அல்லது சிறு வாசல் வழியாகச் செய்தால் அதே தொகையில் செய்ய வேண்டுமா, கூடுதல் காசைத் தனியாக வாங்கலாமா, எந்த மருத்துவமனைகளில் முடியும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். நோயாளியின் உறவினர் கவுன்டரில் நின்று, வீட்டு நகை எதை விற்கலாம் என்று கணக்குப் போடும் நேரத்தில் அது கிடைத்துப் பயனில்லை. ஆபரேசனுக்குத் தேதி வாங்கும்போதே கையில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அட்டையில் கூடுதலாக ஏதாவது சேர்க்க முடியும் என்றால், வால்வு மாற்றியவருக்கு முதல் ஐந்து வருட ஐ.என்.ஆர். சோதனைச் செலவை அந்தத் தொகுப்பிலேயே சேர்ப்பதுதான் முதல் வேலை. ஆபரேசன் முடிந்து ஆள் வீடு போய்ச் சேர்ந்ததோடு திட்டத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் அவருடைய கணக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

பாம்பன், மண்டபம், ராமேசுவரம் வட்டாரத்தில் எந்த நிலையத்தில், எந்தக் கிழமையில் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள், பென்சிலின் ஊசி எங்கே போடுவார்கள் என்ற அறிவிப்பு ஒன்று வந்தால், கடை வாசலில் முதல் ஆளாக நானே ஒட்டிவைக்கிறேன். மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவர் அட்டையின் பின்னாலும் அந்தத் தேதியை எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.